தொழிலுக்காகப் பழகுவது தப்பா?

வாசகர் கேள்வி:

ஒன்பது வருடம் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தேன். இரண்டு வருடத்துக்கு முன் அதை விட்டுவிட்டு, சிறிய நிறுவனங்களுக்கு மாதாமாதம் கணக்கு எழுதிக் கொடுக்கும் தொழிலைத் தனியாகத் தொடங்கினேன். இப்போது ஆறு வாடிக்கையாளர்கள். மூன்று பேரை பழைய அலுவலகத் தோழி அனுப்பினாள். அந்த மூவரில் ஒருவர் சொல்லி இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் விளம்பரம் பார்த்து வந்தார், மாதாமாதம் கட்டணத்தில் பேரம் பேசுகிறார். எட்டு மாதமாகத் தினமும் சமூக வலைதளத்தில் பதிவு போடுகிறேன். 14 தொழில்முனைவோர் கூட்டங்களுக்குப் போய் 200 விசிட்டிங் கார்டு வாங்கி வந்தேன். எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பினேன் (அதை இணைத்திருக்கிறேன்). மூன்று பேர் பதில் போட்டார்கள். அதில் இரண்டு பேர் என்னிடம் எதையோ விற்கப் பார்த்தார்கள்.

போன மாதம் என் கணவரின் நண்பர் தன் நிறுவனக் கணக்கை வேறொருவரிடம் கொடுத்துவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "நீங்க இதெல்லாம் செய்வீங்களா? தெரியவே தெரியாதே!" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நான் இயல்பிலேயே கூச்சப்படுபவள். காரியத்துக்காக ஒருவரிடம் பழகுவது போலித்தனம் என்றுதான் நினைத்து வளர்ந்தேன். என்னைப் போன்றவர்கள் தொழிலில் வெளியே தெரிய வேறு வழி உண்டா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை உங்கள் வருத்தம்தான் கண்ணில் பட்டது. இரண்டாவது முறை அந்த ஆறு வாடிக்கையாளர்கள் எப்படி வந்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். ஆறில் ஐந்து பேர் மனிதர் வழியாக வந்திருக்கிறார்கள். ஒரு தோழி, ஒரு வாடிக்கையாளர், அவ்வளவுதான். இந்த இரண்டு பேர் செய்ததை எட்டு மாதப் பதிவுகளும் 14 கூட்டங்களும் செய்யவில்லை. விளம்பரத்தில் வந்த ஒரே ஒருவர் மாதாமாதம் பேரம் பேசுகிறார். அவருக்கு உங்களைப் பற்றித் தெரிந்தது உங்கள் கட்டணம் மட்டும்தான், வேறு எதை வைத்துப் பேசுவார்?

நீங்கள் கேட்ட வழி ஏற்கனவே உங்கள் கையில் இருக்கிறது. அது தானாக நடந்ததால் நீங்கள் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. உங்கள் தோழி எதற்காக மூன்று பேரை அனுப்பினாள் என்று எப்போதாவது யோசித்தீர்களா? நீங்கள் அவளுக்கு விசிட்டிங் கார்டு கொடுத்திருக்க மாட்டீர்கள். பக்கத்து மேசையில் உட்கார்ந்து, ஆண்டுக் கணக்கு முடிக்கும் நாட்களில் நீங்கள் எப்படி வேலை பார்த்தீர்கள் என்பதை வருடக்கணக்கில் பார்த்தவள் அவள்.

உங்கள் தொழிலின் தன்மையையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1973-இல் மைக்கேல் டார்பி, எடி கார்னி என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் ஒரு விஷயத்தைப் பிரித்துக் காட்டினார்கள். சில பொருட்களை வாங்கும் முன்பே பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். சிலவற்றை வாங்கிப் பயன்படுத்தினால் தெரியும். மூன்றாவதாக ஒரு வகை உண்டு: வாங்கி, பணம் கொடுத்து, பயன்படுத்திய பிறகும் நல்லதா கெட்டதா என்று சாதாரண ஆளால் சொல்ல முடியாது. வண்டி பழுதுபார்ப்பது, மருத்துவம் எல்லாம் இதில் வரும். நீங்கள் செய்வதும் அந்த வகைதான். நீங்கள் எழுதிய பேரேடு சரியா தவறா என்று உங்கள் வாடிக்கையாளருக்கு எப்படித் தெரியும்? அவருக்கு அது தெரியாததால்தானே உங்களிடம் வந்தார்! இரண்டு வருடம் கழித்து எங்கேயோ உதைக்கும்போதுதான் தெரியும்.

அதனால் அவர் உங்கள் கணக்கறிவை எடை போடுவதில்லை, உங்களைத்தான் எடை போடுகிறார். தான் யாருக்கு எவ்வளவு கடன்பட்டிருக்கிறோம், எந்த மாதம் சம்பளம் கொடுக்கத் திண்டாடினோம் என்பதெல்லாம் அவர் தரும் பில் கட்டில் இருக்கிறது. வீட்டில்கூடச் சொல்லாததை உங்கள் மேசையில் வைக்கப்போகிறார். ஒரு அழகான பதிவைப் பார்த்துவிட்டு யாரும் அதைச் செய்ய மாட்டார்கள். "அவங்ககிட்ட கொடுங்க, நான் கொடுத்திருக்கேன்" என்று நம்பிக்கையான ஒருவர் சொன்னால் செய்வார்கள்.

அப்படிச் சொல்பவர் பக்கம் நின்று பாருங்கள். இதுதான் நான் உங்களுக்குச் சொல்ல நினைப்பதிலேயே முக்கியமானது.

ஒருமுறை ஒரு அச்சக உரிமையாளரோடு பேசிக்கொண்டிருந்தேன். அவருக்கு ஒரு போன் வந்தது. யாரோ நல்ல தச்சர் ஒருவர் வேண்டும் என்று கேட்டார்கள். "ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு போனில் எண்களைத் தள்ளிக்கொண்டே வந்தார். ஒரு பெயரில் விரல் நின்றது. தாண்டிப் போனது. இன்னொன்றில் நின்றது. அதையும் தாண்டியது. மூன்றாவது எண்ணைக் கொடுத்தார். அவர் வைத்ததும், முதல் இரண்டு பேரும் சரியில்லையா என்று கேட்டேன். "சேச்சே, வேலைன்னு பார்த்தா முதல் ஆளுதான் கில்லாடி. ஆனா இவரு வர முடியலைன்னா முந்தின நாளே சொல்லிடுவாரு" என்றார்.

இதைப் பல வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். சிபாரிசு செய்பவர் சிறந்த ஆளைத் தேடுவதில்லை. தன்னை யாரும் "என்னங்க இப்படி ஒரு ஆளை அனுப்பிட்டீங்க" என்று கேட்காதபடி நடந்துகொள்ளும் ஆளைத் தேடுகிறார். உங்கள் பெயரைச் சொல்லும்போது தன் பெயரை அடகு வைக்கிறார். நீங்கள் சொதப்பினால் உங்களுக்கு ஒரு வாடிக்கையாளர் போவார், அவருக்கு ஒரு உறவு கசக்கும். அவருடைய நஷ்டம்தான் பெரிது. இதைப் புரிந்துகொண்டால், நாலு பேருக்கு உங்களைத் தெரிய வைக்க என்ன செய்ய வேண்டும் என்ற கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும். சொன்ன தேதியில் கொடுப்பது, தாமதமானால் தேதிக்கு முன்பே சொல்வது, தவறு நடந்தால் நீங்களே முதலில் சொல்வது. இதெல்லாம் நல்ல குணம் மட்டும் இல்லை. ஒருவர் தைரியமாக உங்கள் பெயரைச் சொல்வதற்கான காரணங்கள் இவை.

இன்னொன்று உங்கள் தொழிலுக்கே உரியது. கூட்டங்களில் பேசும்போது, "என் வாடிக்கையாளர் ஒருத்தர் இப்படித்தான், மூணு வருஷமா கணக்கே எழுதல..." என்று கதை சொல்லாதீர்கள். பெயர் சொல்லாவிட்டாலும் வேண்டாம். கேட்பவர் சிரிப்பார். சிரித்துக்கொண்டே, நாளைக்கு என் கதையையும் இன்னொரு இடத்தில் இப்படிச் சொல்வாரோ என்று நினைப்பார். உங்கள் அனுபவத்தைச் சொல்ல வேண்டுமா, பழைய வேலையில் நீங்கள் கற்றுக்கொண்டதைச் சொல்லுங்கள். அதுவும் ஆளைக் காட்டாமல்.

சரி, கணவரின் நண்பருக்கு வருவோம். உங்களுக்கு அழுகை வந்ததில் ஆச்சரியமில்லை. ஆனால் அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு நீங்கள் "கணக்கு சம்பந்தமா ஏதோ செய்றாங்க". நம்மைச் சுற்றி இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு நம் தொழில் அந்த அளவுக்குத்தான் தெரியும். நெருக்கமானவர்களிடம் தொழிலைப் பற்றிப் பேசுவதே இல்லை, முன்பின் தெரியாதவர்களிடம் தினமும் பேசுகிறோம். இந்த முரண் உங்களிடம் மட்டும் இல்லை, என்னிடம் ஆலோசனைக்கு வருபவர்களில் பலரிடமும் பார்க்கிறேன்.

அவர் மனதில் தங்குவது போல ஒரு வாக்கியம் வேண்டும். "கணக்கியல் சேவைகள்" என்பது தங்காது. இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "பில்லையெல்லாம் பையில போட்டு வச்சுட்டு வருஷக் கடைசியில முழிக்கிறாங்கல்ல, அவங்களுக்கு மாசாமாசம் உட்கார்ந்து கணக்கைச் சரி பண்ணிக் கொடுக்கிறேன்." கேட்டவுடன் அவருக்கு ஒரு முகம் ஞாபகம் வரும். யாரோ ஒரு நண்பரின் மேசை டிராயர் ஞாபகம் வரும். அந்த முகம் வந்துவிட்டால் போதும். அடுத்த முறை அந்த நண்பர் புலம்பும்போது உங்கள் பெயர் அவர் வாயில் தானாக வரும். எதைச் செய்கிறீர்கள் என்பதைவிட, எந்த அவஸ்தையில் இருப்பவருக்கு நீங்கள் வேண்டும் என்பதுதான் மற்றவருக்கு நினைவில் நிற்கும்.

இனி நீங்கள் அனுப்பிய அந்தச் செய்தி. மன்னியுங்கள், இதில் கொஞ்சம் நேரடியாகவே சொல்லப்போகிறேன். நீங்கள் எழுதியது இது: "வணக்கம். உங்கள் தொழிலுக்குத் தேவையான கணக்கியல், வரி, நிதி ஆலோசனை உள்ளிட்ட அனைத்துச் சேவைகளும் தரமாகவும் நியாயமான கட்டணத்திலும் செய்து தரப்படும். தேவைக்கு அணுகவும். உங்கள் நண்பர்களுக்கும் பகிரவும்."

"செய்து தரப்படும்." யார் செய்வார்கள்? இந்த வாக்கியத்தில் ஆளே இல்லை. நீங்கள் கஷ்டப்பட்டு நேரில் போய்ப் பார்த்த மனிதருக்கு, நீங்களே இல்லாத ஒரு செய்தியை அனுப்பியிருக்கிறீர்கள். "உங்கள் தொழிலுக்கு" என்றால் எந்தத் தொழில்? படிப்பவர் அச்சகம் வைத்திருக்கிறாரா, பள்ளி வாகனம் ஓட்டுகிறாரா என்பது செய்திக்குத் தெரியாது. "அனைத்துச் சேவைகளும்" என்றதால் ஒன்றுகூட மனதில் நிற்கவில்லை. கடைசியில் "பகிரவும்". அவருக்கு நீங்கள் இன்னும் ஒன்றும் செய்யவில்லை, அதற்குள் அவரிடம் ஒரு உதவி கேட்கிறீர்கள். 200 பேரில் மூன்று பேர் பதில் போட்டதே பெரிய விஷயம் என்றுதான் சொல்வேன்.

அந்த 200 கார்டையும் மேசையில் பரப்பி வையுங்கள். எத்தனை பேரின் முகம் ஞாபகம் வருகிறது? அவர்கள் சொன்ன ஏதாவது ஒரு விஷயம் ஞாபகம் இருக்கிறதா? பத்துப் பேர் தேறலாம். மற்ற 190 கார்டையும் எடுத்து வைத்துவிடுங்கள், அவற்றில் ஒன்றும் இல்லை. அந்தப் பத்துப் பேரில் ஒருவருக்கு, அவருக்கு மட்டும், இப்படி எழுதலாம்:

"வணக்கம் சார். அன்று கூட்டத்தில் உங்கள் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். ஒரு பெரிய வாடிக்கையாளரிடமிருந்து பணம் வர மூன்று மாதம் ஆகிறது என்று கிளம்பும்போது சொன்னீர்கள். முன்பு வேலை பார்த்த இடத்தில் நிலுவைத் தொகையை வசூலிப்பதும் என் பொறுப்பாக இருந்தது. பில் அனுப்பிய பத்து நாளுக்குள், பில் கிடைத்ததா, அதில் ஏதாவது திருத்தம் உண்டா என்று ஒரு வரி கேட்டு பதில் வாங்கி வைப்போம். கெடு முடியும் நாளில் 'பில்லே வரலயே' என்று சொல்ல அவர்களுக்கு வழி இருக்காது. உங்களுக்குப் பயன்படுமா பாருங்கள்."

கீழே உங்கள் பெயர். என்ன தொழில் செய்கிறீர்கள் என்று ஒரு வரி. அவ்வளவு போதும். "சேவை வேண்டுமா" என்ற கேள்வி இதில் இல்லை, கவனித்தீர்களா? அவர் சொன்னதைக் கேட்டிருக்கிறீர்கள், ஞாபகம் வைத்திருக்கிறீர்கள், உங்களுக்குத் தெரிந்ததில் ஒரு துளியைக் கொடுத்திருக்கிறீர்கள். இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: அன்று அவர் சொன்னதை நீங்கள் நிஜமாகவே கேட்டிருக்க வேண்டும். அடுத்த கூட்டத்தில் எத்தனை கார்டு என்று எண்ணாமல், இரண்டு பேர் சொல்வதை முழுசாகக் கேட்டுவிட்டு வாருங்கள். வந்த கையோடு இருவரைப் பற்றியும் நோட்டில் நாலு வரி எழுதி வையுங்கள்.

இப்போது, புதியவர்களைத் தேடுவதற்கு முன்னால் நீங்கள் தாண்டி வந்துவிட்ட ஒரு கூட்டம் இருக்கிறது.

1973-இல் மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் வெளியிட்ட கட்டுரை ஒன்று இன்றுவரை பேசப்படுகிறது. பாஸ்டனுக்குப் பக்கத்தில் நியூட்டன் என்ற ஊரில், புதிதாக வேலை மாறியவர்களிடம் அந்த வேலை எப்படிக் கிடைத்தது என்று விசாரித்தார். தெரிந்தவர் மூலம் கிடைத்தது என்றவர்களிடம், அந்தத் தெரிந்தவரை அப்போது எவ்வளவு அடிக்கடி பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்டார். அடிக்கடி பார்ப்பவர் என்று சொன்னது ஆறில் ஒருவர்தான். மற்றவர்களெல்லாம் எப்போதாவது பார்ப்பவர், அல்லது எப்போதோ பழகியவர் மூலம் வேலை பெற்றவர்கள். காரணம் எளிது. நெருங்கிய நண்பருக்குத் தெரிந்ததெல்லாம் பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். தூரத்துப் பழக்கம் வேறு வட்டத்தில் நடமாடுகிறது, அங்கே இருந்து செய்தி கொண்டுவருகிறது. 2022-இல் லிங்க்ட்இன் தளத்தில் இரண்டு கோடிப் பேரை வைத்து நடந்த ஆய்வும் ஏறக்குறைய இதையே சொன்னது. ஒரு சின்ன திருத்தத்தோடு: ரொம்ப நெருக்கமும் வேண்டாம், முற்றிலும் அந்நியமும் வேண்டாம், நடுவில் இருக்கும் மிதமான பழக்கமே அதிகம் உதவியது. இவை வேலை தேடுவதைப் பற்றிய ஆய்வுகள்தான். ஆனால் வாடிக்கையாளர் வருவதும் அதே பாதையில்தான், உங்கள் ஆறு பேரில் ஐந்து பேர் அதற்குச் சாட்சி.

அப்புறம் 2011-இல் வந்த இன்னொரு ஆய்வு. இதைப் படித்தபோது எனக்கு ஒரு நிம்மதி. டேனியல் லெவின் என்பவரும் அவரோடு இருவரும், நிறுவன நிர்வாகிகள் சிலரை, பல வருடமாகத் தொடர்பு விட்டுப்போன பழையவர்களிடம் பேசி, இப்போது செய்யும் வேலை ஒன்றுக்கு யோசனை கேட்கச் சொன்னார்கள். தயங்கித் தயங்கித்தான் பேசினார்கள். ஆனால் கிடைத்த யோசனைகள், தினமும் பழகுபவர்களிடம் கிடைத்ததைவிடப் புதிதாக இருந்தன. இடைவெளி விழுந்ததால் பழைய நம்பிக்கை கரைந்துபோகவில்லை.

உங்களுக்கு ஒன்பது வருடப் பழக்கம் இருக்கிறது. அலுவலகத் தோழிகளை மட்டும் சொல்லவில்லை. கணக்குப் பிரிவில் இருந்தவர் எத்தனை சப்ளையர்களோடு போனில் பேசியிருப்பீர்கள்! செக் எப்போது வரும் என்று கேட்டவர்கள், பில்லில் எண் தவறியதற்காக நீங்கள் கூப்பிட்டவர்கள், வங்கியில் இருந்தவர்கள், ஆண்டுதோறும் வந்துபோன ஆடிட்டரின் உதவியாளர்கள். இவர்களில் பலர் உங்கள் முகத்தைப் பார்த்தே இருக்க மாட்டார்கள், உங்கள் குரல் தெரியும். "அந்த மேடம் சொன்னா சொன்னதுதான்" என்பதும் தெரியும். பலர் சிறிய நிறுவனம் நடத்துபவர்கள். அந்த ஆடிட்டரின் உதவியாளர்களில் சிலர் இப்போது தனியாக அலுவலகம் போட்டிருக்கலாம். மாதக் கணக்கை ஒழுங்காக எழுதித் தரும் ஆள் கிடைத்தால், வருடக் கடைசியில் அவர்கள் வேலை பாதியாகக் குறையும். உங்களைப் போன்றவரைத் தேடிக்கொண்டுகூட இருக்கலாம். பழைய நிறுவனத்தின் வாடிக்கையாளர் பட்டியலையோ ரகசியத்தையோ தொடக் கூடாது, வேலையை விடும்போது நீங்கள் எழுதிக் கொடுத்த ஒப்பந்தம் இருந்தால் அதை எடுத்துப் படித்துவிடுங்கள். மனிதர்களோடு உங்களுக்கு இருக்கும் மரியாதை உங்களுடையது.

இந்த இடத்தில் என் தப்பு ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் தொழில் தொடங்கிய இரண்டாம் வருடம், என் தொழிலில் எனக்கு மூத்த ஒரு அம்மா ஒரு நல்ல வாடிக்கையாளரை அனுப்பினார். பேச்சு நன்றாக முடிந்து வேலையும் தொடங்கிவிட்டது. நான் அந்த வேலையில் மூழ்கிவிட்டேன். நாலு மாதம் கழித்து ஒரு நிகழ்ச்சியில் அந்த அம்மாவைப் பார்த்தபோது, "அவரு உங்களைக் கூப்பிட்டாரா?" என்று கேட்டார். அவருக்கு ஒன்றுமே தெரியாது. நான் சொல்லவே இல்லை. "ஓ, நல்லது" என்று சிரித்தார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவரிடமிருந்து யாரும் வரவில்லை. அவர் கோபித்துக்கொள்ளவும் இல்லை. அவர் ஒரு விதை போட்டார், முளைத்ததா என்று சொல்லக்கூட ஆளில்லை என்றால் அடுத்த விதையை ஏன் போடுவார்?

இன்றைக்கு யாராவது ஒருவரை என்னிடம் அனுப்பினால், அனுப்பியவரிடம் மூன்று முறை பேசுகிறேன். அவர் கூப்பிட்டார் என்று அன்றே ஒரு வரி. வேலை அமைந்ததா இல்லையா என்று இன்னொரு வரி. வேலை முடிந்ததும் ஒரு போன். அமையாவிட்டாலும் சொல்கிறேன், அதுதான் இன்னும் முக்கியம். விவரங்களைச் சொல்வதில்லை, நடந்ததா என்பதை மட்டும் சொல்கிறேன். உங்கள் தோழிக்கு மூன்று பேர் விஷயத்திலும் சொன்னீர்களா? அந்த மூவரில் ஒருவர் இரண்டு பேரை அனுப்பினாரே, அவருக்கு? இல்லையென்றால் வேறு எதையும் செய்வதற்கு முன் இதைச் செய்யுங்கள். பரிசு, கமிஷன் என்று போகாதீர்கள். அனுப்பியவர் பணம் வாங்கினார் என்று வந்தவருக்குத் தெரிந்தால் இருவர் பெயரும் கெடும். நன்றி சொல்வதற்கு அந்த ஆபத்து இல்லை.

கூச்சம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2018-இல் எரிகா பூத்பி என்ற உளவியலாளரும் அவர் குழுவும் முன்பின் தெரியாதவர்களைப் பேசவைத்து, பிறகு தனித்தனியாகக் கேட்டார்கள்: எதிரில் இருந்தவரை உங்களுக்குப் பிடித்ததா, அவருக்கு உங்களை எவ்வளவு பிடித்திருக்கும்? எதிரில் இருந்தவருக்குத் தங்களை உண்மையில் எவ்வளவு பிடித்திருந்ததோ, அதைவிடக் குறைவாகவே பெரும்பாலோர் ஊகித்தார்கள். நீங்கள் வீட்டுக்குத் திரும்பும் வழியில் "உளறிட்டேனோ" என்று நினைக்கும்போது, அவரும் தன் வீட்டில் அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கலாம். கூட்டத்தில் சும்மா நிற்பதுதான் உங்களுக்குக் கஷ்டம் என்றால், ஒரு வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நுழைவாயிலில் பெயர் பதியும் மேசையில் உட்காருங்கள். வருபவர் எல்லாரும் உங்களிடம் பெயர் சொல்லித்தான் உள்ளே போக வேண்டும். நீங்களாகப் போய்ப் பேச்சைத் தொடங்கும் அவசியம் இல்லை. ஒரே குழுவில் இதைத் தொடர்ந்து செய்தால், ஆறு மாதத்தில் அங்கே எல்லாருக்கும் உங்களைத் தெரியும். 14 கூட்டங்களுக்கு ஒவ்வொரு முறை போவதைவிட ஒரே இடத்துக்கு 14 முறை போவது மேல்.

பதிவுகளை நிறுத்தச் சொல்லவில்லை. வாரம் ஒன்று போதும். உங்கள் பெயரை யாராவது சொன்னால், கேட்டவர் முதலில் உங்களைத் தேடித்தான் பார்ப்பார். அப்போது உருப்படியாக நாலு விஷயம் அங்கே இருக்க வேண்டும், அதற்காக.

கடைசியாக, போலித்தனம். இந்தக் கேள்வியைக் கேட்பவர்களை எனக்கு மிகவும் பிடிக்கும், ஏனென்றால் போலியானவர்களுக்கு இந்தச் சந்தேகமே வருவதில்லை. காரியத்துக்காகப் பழகுவது தப்பு என்று உங்களுக்குச் சொல்லி வளர்த்தவர்கள் சரியாகத்தான் சொன்னார்கள். காரியம் முடிந்ததும் முகம் திருப்பிக்கொள்ளும் ஆட்களைப் பார்த்துத்தான் சொன்னார்கள். ஆனால் தொழில் செய்யும் ஒருவர் பிறரோடு பழகுவதெல்லாம் அந்தக் கணக்கில் வராது. நான் எனக்கு வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: இவர் கடைசிவரை எனக்கு ஒரு வேலையும் தரவில்லை என்றால், இன்று இவருக்காகச் செலவழித்த அரை மணி நேரத்துக்காக வருத்தப்படுவேனா? வருத்தப்படுவேன் என்று தோன்றினால் அந்தச் சந்திப்புக்குப் போக மாட்டேன். அல்லது, தொழில் விஷயமாகத்தான் வருகிறேன் என்று முதல் வரியிலேயே சொல்லிவிட்டுப் போவேன். நோக்கத்தை மறைத்து நலம் விசாரிப்பதுதான் அசிங்கம். "எனக்கு வாடிக்கையாளர்கள் வேண்டும், உங்களுக்குத் தெரிந்தவர் இருந்தால் சொல்லுங்கள்" என்று நேராகக் கேட்பதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை. இல்லை என்று சொல்லும் சுதந்திரத்தை அவருக்கு விட்டுவிட வேண்டும், இல்லை என்று சொன்ன பிறகும் பழையபடி பழக வேண்டும்.

கணவரின் நண்பரிடம் இனி அந்தக் கணக்கைப் பற்றிப் பேச வேண்டாம். வேறொருவரிடம் கொடுத்தாயிற்று, அந்த மனிதர் நன்றாகச் செய்யட்டும். அடுத்த முறை பார்க்கும்போது, அந்தப் பை நிறைய பில் வாக்கியத்தை மட்டும் சொல்லிவிடுங்கள்.

உங்கள் கடிதத்தின் பின்பக்கத்தில், பிரசுரத்துக்கு வேண்டாம் என்று நினைத்தோ என்னவோ, ஒரு சம்பவத்தை எழுதியிருந்தீர்கள். பழைய அலுவலகத்துக்கு அட்டைப்பெட்டி சப்ளை செய்த ஒருவர், தன் பில்லில் ஒரு பக்கத்தின் கூட்டுத்தொகையைச் சேர்க்காமலே விட்டுவிட்டார். நீங்கள்தான் கூப்பிட்டு, "அண்ணே, நீங்க கம்மியா போட்டிருக்கீங்க, திருத்தி அனுப்புங்க" என்று சொன்னீர்கள். அவர் ஒரு நிமிடம் பேசாமல் இருந்தார் என்று எழுதியிருந்தீர்கள். முதல் போன் அவருக்குப் போடுங்கள். நலம் கேளுங்கள், வேலையை விட்டுவிட்டு இதைத்தான் செய்கிறேன் என்று சொல்லுங்கள். நீங்கள் யார் என்று அவருக்கு ஞாபகப்படுத்த வேண்டியிருக்காது.